அவள் சமைக்கும்போது பேசக் கூடாது

மகள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கியது. துண்டு தொங்கினால் யாரும் உள்ளே போகக் கூடாது, வெளியில் நின்று குரல் கொடுக்கவும் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். காலையிலிருந்து பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த அம்மா, நாக்கு வறண்டு ஒரு வாய்த் தண்ணீருக்காக எழுந்து வந்தவள், துண்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நில்லு நில்லு, சிவப்பு விழுந்திருக்கு," என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "நம்ம வீட்டுலதான் தண்ணி குடிக்கக்கூட சிக்னல் விழணும்."

"மெதுவாப் பேசுங்க. உள்ள கேக்கும்."

"ஃபேன் ஓடுது. நீ அலறினாலும் அவளுக்குக் கேக்காது."

அதுவும் உண்மைதான். புகை போக்கும் விசிறி ஓடினால் மகளுக்கு எதுவும் சரியாகக் காதில் விழாது. இருந்தாலும் அம்மா திரும்பிப் போய் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள். தாகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சட்டம் வந்த கதை சின்னதுதான். சில வருஷங்களுக்கு முன் மகள் அடுப்பில் பால் வைத்திருந்தபோது, "என் கண்ணாடியைப் பார்த்தியாம்மா?" என்று அப்பா கேட்டார். அவள் வந்து தேடினாள். கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்துத் துடைத்துக் கொடுத்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி, வற்றி, கரியாகி, பாத்திரத்தின் அடி ஓட்டையாகும்வரை யாருக்கும் தெரியவில்லை. அவள் மறதிக்காரி இல்லை. மூன்றாம் வகுப்பில் தன்னோடு உட்கார்ந்தவர்களின் பெயரை வரிசையாகச் சொல்வாள். கண்ணாடி என்ற வேலை உள்ளே வந்ததும் பால் என்ற வேலை வெளியே தள்ளப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அப்பா இதைத் தன் தொழில் பாஷையில் சொல்வார். "இவ ஒத்தைக் கதவு வண்டி. இறங்குறவங்க இறங்கினப்புறம்தான் ஏறணும். முண்டியடிச்சா ஒருத்தரும் ஏற முடியாது. அதுக்காக வண்டி போகாதுன்னு யாரு சொன்னா? எல்லா ஸ்டாப்புக்கும் போகும். கொஞ்சம் லேட்டாப் போகும்."

மகளுக்கு வயது இருபத்தேழு. உயரம் அம்மாவின் தோள் அளவு. பின்னந்தலையில் முடி சன்னமாக இருக்கும். அதை மறைக்க எப்போதும் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டியிருப்பாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் நிதானம். 'பதறாத காரியம் சிதறாது' என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த நாளில் வைத்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே பெயராகிவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே துணி மடிக்கும் அறையில் அவளுக்கு வேலை. வேகம் கேட்கும் பெரிய இயந்திரத்தின் பக்கம் அவளை விடமாட்டார்கள். அறுவை அறைக்குப் போகும் துணிகளை, ஓரம் ஓரத்தோடு சேர மடித்து அடுக்குவாள். நடுப்பகலில் சற்று நேரம் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். படுக்காவிட்டால் மாலைக்குள் அவளுக்குப் பேச்சே குழறும்.

ஏழு வயதில் வந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா," என்றான் அண்ணன்; அவனுக்குப் பத்து வயது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பின்மூளையில் கட்டி என்றார்கள். திறந்து எடுத்தார்கள். எடுத்தது போதாது, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கும், தலைக்கும் முதுகெலும்புக்கும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு ஊசி மருந்து. காதின் கூர்மையைக் கொண்டுபோனது அந்த மருந்துதான்.

கையெழுத்து வாங்குவதற்கு முன் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார், மறைக்கவில்லை. "உயிரைக் காப்பாத்த இதுதான் வழி. ஆனா மூளை இன்னும் வளர்ற வயசு. பின்னாடி படிப்புல, வேகத்துல, உயரத்துல பாதிப்பு தெரியும். சின்ன வயசுங்கறதால கொஞ்சம் அதிகமாவே தெரியலாம்." அம்மாவின் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது. மற்றதெல்லாம் வேறு யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது. எந்த அம்மாவுக்குத்தான் விழும்?

தினமும் போனார்கள். முகத்தின் அளவுக்கே அச்செடுத்த வலைமுகமூடியைப் போட்டு, அதை மேசையோடு சேர்த்துப் பூட்டி, அசையாமல் படுக்க வைப்பார்கள். பிறகு எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் முடிந்து வந்ததும் அவள் கேட்டாள்: "வலிக்காதுன்னு சொன்னீங்க. அப்ப ஏன் எல்லாரும் வெளிய ஓடினீங்க?" அந்த வயதில் அவளிடம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அம்மாவுக்கு அந்தக் குரல் இன்னும் நினைவிருக்கிறது.

குழந்தை பிழைத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். முடி முளைத்தது, பள்ளிக்கூடம் போனாள், முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம்தான் தலைப்பாகையின் விலை மெல்ல மெல்லத் தெரிந்தது. சொல்வதை எழுதச் சொன்னால் ஆசிரியை ஐந்தாவது வாக்கியத்தில் இருப்பார், இவள் இரண்டாவதில் இருப்பாள். கணக்கு தெரியும்; கணக்கின் நடுவில் வந்த எண்ணை மனதில் பிடித்துவைக்க முடியாது. "சோம்பேறித்தனம். வீட்டுல செல்லம் குடுத்துக் கெடுத்திருக்கீங்க," என்றார் ஓர் ஆசிரியை. அம்மாவும் நம்பி ஒருநாள் கையை ஓங்கிவிட்டாள்.

பிறகு மருத்துவமனையிலேயே ஓர் உளவியல் நிபுணர், வண்ணக் கட்டைகளை அடுக்கச் சொல்லியும் எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லியும் அரை நாள் சோதித்தார். பிறகு அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார். "கத்துக்கிட்டது எதையும் இவ தொலைக்கல. புதுசா ஏறுறதுதான் மெதுவா ஏறுது. கூடப் படிக்கிறவங்க ஓடுறாங்க, இவ நடக்குறா. அதனால வருஷா வருஷம் தூரம் அதிகமாற மாதிரி தெரியும். ஒரு சமயத்துல ஒண்ணு சொல்லுங்க. சொன்னதும் காத்திருங்க. பதில் வரும்."

ஒவ்வொன்றாகச் சொல்வதை அந்த வீடு கற்றுக்கொண்டது. காத்திருப்பதைத்தான் யாரும் முழுதாகக் கற்கவில்லை. அம்மாவின் வாய் சும்மா இராது. மகளிடம் யாராவது எதையாவது கேட்டால், அந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது. பதிலைத் தானே சொல்லிவிடுவாள். "அவளுக்கு டீ வேண்டாம்." "அவளுக்கு நீலம்தான் பிடிக்கும்." சாப்பிடும்போது அப்பா ஏதாவது நக்கலடிப்பார், எல்லோரும் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். அப்போது மகள் சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எல்லோரும் இன்னொரு தரம் சிரிப்பார்கள். அப்பாவின் நக்கலுக்கு எப்போதும் இரட்டை வசூல்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் ஃபோன் பண்ணினான். அவன் இருப்பது வேறு ஊர். அவன் மனைவிக்கு இது முதல் பிரசவம், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபோனை மேசையில் வைத்துச் சத்தமாகப் பேச விட்டார்கள்.

"மூணு பேரும் வந்துடுங்க. திரும்பிப் போற பேச்சே வேண்டாம். மாடியில ரூம் கட்டி முடிச்சாச்சு. ஜன்னல் பெருசு, அம்மா மெஷினை அங்கயே போட்டுக்கலாம். நிதானம், உனக்கு அம்மா பக்கத்துலயே கட்டில். என்ன?"

"சந்தோஷமா வருவாடா," என்றாள் அம்மா.

பேச்சு பிரசவத்துக்குப் போனது. எந்த ஆஸ்பத்திரி, தொட்டில் வாங்கியாயிற்றா, மருமகளுக்குக் கால் வீக்கம் வற்றியதா என்று ஓடிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "நான் வரல."

"எங்க வரல? ஆஸ்பத்திரிக்கா?" என்றான் அண்ணன்.

"அங்க குடி வரல. இங்க இருக்கேன்."

அண்ணன் மெதுவாகத்தான் பேசினான். அவன் கெட்டவன் இல்லை. மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் விடுமுறையையெல்லாம் போட்டு, எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்தக் கட்டிடம் தெரிந்ததும் எழுந்து நிற்பது என்று கூடவே போய் வந்து பழக்கியவன் அவன்தான். "தனியா எப்படி இருப்பே? அம்மா அப்பாவுக்கும் வயசாகுது. நாங்க இருக்கோமே, ஏன் கஷ்டப்படணும்?"

அவள் பதிலை முன்பே யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "இங்க எல்லாம் எனக்குத் தெரியும். பஸ் தெரியும். கடை தெரியும். வேலை தெரியும். இதெல்லாம் தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அங்க வந்தா முதல்ல இருந்து."

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவள் முழங்கையைத் தொட்டார்.

"குழந்தை பிறந்து நீங்க அங்க இருக்கிற வரைக்கும் நான் தனியா இருந்து காட்டறேன். சரியா இருந்தா இங்கயே இருக்கேன். சரியா இல்லைன்னா வந்துடறேன்."

அதுதான் பேச்சு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், அம்மா கடைசியாக.

கிளம்பும் நாளில் அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாத்திரை இங்கே, சாவி இங்கே, எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நம்பர் இங்கே. மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "சமைக்கும்போது மட்டும் ஃபோன் பண்ணாதேம்மா. சாப்பிட்டு முடிச்சு நானே பண்றேன்."

"நான் ஏன்டி பண்ணப் போறேன்?" என்றாள் அம்மா.

"உங்கம்மா வாயைக் கட்டினாலும் கையைக் கட்ட முடியாது," என்றார் அப்பா.

பேத்தி பிறந்தாள். வீடு முழுவதும் ஈரத் துணியும் பால் வாசமுமாக இருந்தது. மகள் சொன்னபடி தினமும் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டாள். என்ன சமைத்தாள், யார் வேலைக்கு வரவில்லை, எந்தத் துணியில் கறை போகவில்லை என்று சொல்லுவாள். அம்மா கேட்டுக்கொண்டே குழந்தைக்குச் சட்டை தைப்பாள். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததே அம்மாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தான் இல்லாமல் அந்த வீட்டில் மாலை விளக்கு எரிகிறது, சோறு வேகிறது, பாத்திரம் கழுவி ஆகிறது. மருமகளிடம் பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று சட்டையின் ஒரு கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

ஒரு மாலை ஃபோன் வரவில்லை. வழக்கமான நேரம் தாண்டியது. அம்மா ஃபோனை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"பஸ் லேட்டா இருக்கும். விடு," என்றார் அப்பா.

"ஒரே ஒரு தரம். குரலைக் கேட்டுட்டு வெச்சுடறேன்."

பேருந்து தாமதம்தான். மகள் அப்போதுதான் வாணலியில் எண்ணெய் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். கதவில் துண்டு இல்லை. தனியாக இருக்கும்போது யாருக்காக மாட்டுவது? ஃபோன் அடித்தது. விசிறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று கூடத்து ஜன்னலுக்குப் போய் எடுத்தாள்.

"ஏன்டி கூப்பிடல? வீட்டுக்கு வந்தாச்சா? உடம்பு சரியாத்தானே இருக்கு? மாத்திரை போட்டியா? அடுப்பு கிடுப்பு எரியலையே?"

மகள் முதல் கேள்வியில் இருந்தாள். "பஸ்ஸு..." என்று ஆரம்பித்தாள்.

"சரி விடு, வந்துட்டேல்ல. இங்க கேளு, இன்னிக்கு உன் மருமக தும்மினா பாரு, வீடே அதிர்ந்துடுச்சு. உங்கப்பா தொட்டில்கிட்ட போய் ஹாரன் அடிக்கிற மாதிரி சத்தம் குடுக்கிறாரு, அது கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்குது..."

அம்மா சொல்லிக்கொண்டே போனாள். மகள் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். பிறகு, "அம்மா, புகை," என்றாள். ஃபோன் துண்டானது.

நடந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்கப் பெரிதாக இருந்தது. எண்ணெய் தீப்பிடித்து, மேலே இருந்த திரையைத் தொட்டு, சுவரைக் கருக்கியிருந்தது. மகள் கேஸை மூடி, வாணலி மேல் பெரிய மூடியைப் போட்டு, ஈரத் துணியால் திரையை அடித்து அணைத்துவிட்டாள். சலவைக்கூடத்தில் தீயணைப்புப் பயிற்சி திரும்பத் திரும்ப நடத்தியிருந்தார்கள். திரும்பத் திரும்பச் செய்தது எதுவும் அவளை விட்டுப் போவதில்லை. புகை வாசம் பிடித்து ஓடிவந்த எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான், அணைந்த தீயின் மேல் ஒரு வாளித் தண்ணீரை வீசி, கரித்தண்ணீரைக் கூடம்வரை ஓட விட்டார். அண்ணனுக்கு ஃபோன் பண்ணியதும் அவரே. "நான் மட்டும் வரலைன்னா வீடே போயிருக்கும் தம்பி," என்றார்.

மறுநாளே அண்ணனும் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் சமையலறையைப் பார்த்தான், தங்கையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காயம் இல்லை. அதன் பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "சொன்னேனா இல்லையா? எண்ணெயை வெச்சுட்டு எங்க போனே?"

"கூடத்துக்கு," என்றாள்.

"எதுக்கு?"

அவள் பதிலைத் தேடிக்கொண்டிருந்தாளா, அல்லது தேடிய பதிலைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தாளா, தெரியவில்லை. அதற்குள் அண்ணன், "சரி போகட்டும், உயிரோட இருக்கியே அது போதும். பெட்டியைக் கட்டு," என்று சொல்லிவிட்டு பெயின்ட் வாங்கக் கிளம்பிவிட்டான்.

அம்மா சும்மா இருந்தாள். எப்போதும் மகளுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும் வாய், அன்று மூடியே இருந்தது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மாடியறையின் பெரிய ஜன்னலும், பக்கத்தில் போட்ட கட்டிலும் மனதில் வந்தன. அவள் தூங்கும்போது மூச்சுச் சத்தம் கேட்கும் தூரம். இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டு தூங்கிய சத்தம்.

அப்பா சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கரி போகவில்லை, பரவிக்கொண்டிருந்தது. அம்மா பக்கெட்டை நகர்த்திக் கொடுத்தாள்.

"நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்," என்றார், திரும்பாமல்.

"தெரியும்."

"அவ வாயே திறக்கல பாரு."

"அவளுக்கு அந்த நேரத்துல தோணியிருக்காது."

"நேத்தி ராத்திரி தோணலைன்னா இன்னிக்குக் காலைல தோணியிருக்கும். எல்லாம் தோணியிருக்கும் அவளுக்கு." துணியைப் பிழிந்தார். "நான் சொல்ல மாட்டேன். வண்டியை இடிச்சவங்கதான் கீழ இறங்கிச் சொல்லணும்."

"நான் ஆசைப்பட்டா இடிச்சேன்?"

"எந்த டிரைவர் ஆசைப்பட்டு இடிச்சான்?"

அம்மா பக்கெட் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மகளுக்குப் பிற்பகல் முறை வேலை. வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வரும்படி அண்ணன் சொல்லியிருந்தான். அவள் கூடத்தில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். முதலில் இடது, நாடாவைக் கட்டி முடித்தபின் வலது. அண்ணன் எதிரில் உட்கார்ந்து சாமான் ஏற்ற வண்டி பேசிக்கொண்டிருந்தான். ஃபோனை வைத்ததும், "சனிக்கிழமை வண்டி வருது," என்றான். "நிதானம், கோபமா? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. பேச்சுன்னா பேச்சு. நீதானே சொன்னே, சரியா இல்லைன்னா வந்துடறேன்னு?"

"ஆமா," என்றாள் மகள். "சொன்னேன்."

அந்த 'ஆமா'வில் வருத்தம் இருந்திருந்தால் அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிறவளின் குரல் அது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அம்மா தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நான்தான்டா ஃபோன் பண்ணேன்."

"எப்போ?"

"அன்னிக்கு. அவ எண்ணெய் வெச்சிருந்தப்போ. பண்ணாதேன்னு சொல்லியிருந்தா. நான் பண்ணேன். அடுப்பு எரியுதான்னு கேட்டுட்டு, அவ பதில் சொல்றதுக்குள்ள குழந்தை கதையை எடுத்துட்டேன். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன்."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "ஏன்டி சொல்லல?"

அவள் பதில் சொல்வதற்குள் அவனே தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று அம்மா நினைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா. நீ பண்ணே. நாளைக்கு ஏதாவது பேங்க்காரன் பண்ணுவான். கொரியர்காரன் பெல் அடிப்பான். யார் வேணா பண்ணுவாங்க. ஒரு ஃபோன் வந்தா வீட்டுல தீப்பிடிக்கும்னா, ஃபோன் பண்ணது யாருங்கிறதா விஷயம்?"

உண்மையைச் சொல்லிவிட்டால் தராசு தானாக நேராகிவிடும் என்று இரண்டு நாளாக அம்மா நினைத்திருந்தாள். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சமையலறை வாசலில் ஈரத் துணியோடு நின்றிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

மகள் வலது காலணியின் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

"சமைக்கும்போது ஃபோனை அணைச்சுடுவேன்," என்றாள்.

"அணைச்சுட்டா?"

"பெல்லையும் அணைச்சுடுவேன். ஸ்விட்ச் இருக்கு. அடுப்பை மாத்தலாம். தானே நிக்கிற கரண்ட் அடுப்பு எங்க கேன்டீன்ல இருக்கு. நேரம் வெச்சா நின்னுடும். நான் பார்த்து வெச்சிருக்கேன்."

அண்ணன் கொஞ்சம் தணிந்தான். அது அவன் யோசிக்காதது. இருந்தாலும் விடவில்லை. "சரி, ஃபோனை அணைச்சு வெச்சிருக்கேன்னு வை. அங்க அம்மா ஃபோன் பண்றாங்க. போகல. அஞ்சு நிமிஷத்துல எதிர்வீட்டுக்காரரை எழுப்பி உன் கதவை உடைக்கச் சொல்லுவாங்க. அந்த மனுஷன் வாளியோட காத்துக்கிட்டிருக்கார். உன்னைப் பத்தி மட்டும் சொல்லலடி. அம்மாவைப் பத்தியும்தான் சொல்றேன்."

அப்பா சிரித்துவிட்டார். அண்ணனும் அவனை அறியாமல் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை, அவள் வேறெதையோ மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தாள். அது முடியும்வரை, அதிசயமாக, யாரும் இடையில் பேசவில்லை. தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் ஒலி கேட்டு அடங்கியது.

பிறகு அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் இங்க இருந்து, ஃபோன் எடுக்கலைன்னா," என்றாள். "நான் கூப்பிடற வரைக்கும் நீ சும்மா இருப்பியாம்மா?"

இருப்பேன் என்று சொல்வது ஒரு வார்த்தை. அம்மாவின் வாயில் அது வந்து நின்றது. ஆனால் அந்த மாலையில் ஃபோனை எடுத்ததும் வைத்ததும் திரும்ப எடுத்ததும் கையில் இன்னும் இருந்தது. கனமான கதவுக்கு வெளியே, உள்ளே குழந்தை தனியாகப் படுத்திருக்க, எதையும் செய்ய முடியாமல் நின்ற அத்தனை நாட்களும் இருந்தன. அதன் பிறகு ஒரு நாள்கூட அவள் கதவுக்கு வெளியே சும்மா நின்றதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லவும் இப்போது வாய் வரவில்லை. ஊசிக்கு அடியில் இருந்த காலரைப் பார்த்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். மகள் கையை லேசாக உயர்த்தி அவனை நிறுத்தினாள். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

மகள் குனிந்து வலது காலணியின் நாடாவைக் கட்டி முடித்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வேலையை விடறதா வேண்டாமான்னு அங்க என்னடி சொல்லப் போறே?" என்றான் அண்ணன்.

"இன்னும் தெரியல," என்றாள் அவள். "அம்மா யோசிக்கிறாங்க."

அம்மாவின் முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு கூடத்தைக் கடந்து வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.